கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

அம்மாவின் பழைய ரிப்போர்ட் ஒன்று என் மேசை டிராயரில் இன்னும் இருக்கிறது. மடித்து மடித்து நடுவில் கிழியத் தொடங்கிவிட்டது. அதில் ஒரே ஒரு எண்தான்: ரத்தத்தில் வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தின் அளவு, லிட்டருக்கு 6.9 மில்லிகிராம். பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று போட்டிருக்கும். இயந்திரம் சரியாகத்தான் அளந்தது. ரத்தமும் அம்மாவுடையதுதான். ஆனாலும் அந்த எண்ணை நம்பி எடுத்த முடிவில் அம்மாவுக்கு ஏழு வாரச் சிகிச்சை வீணாகிப் போனது. இதை எழுதி வைக்க வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது பத்தியிலேயே யார் மீதாவது கோபமாக மாறிவிடும், மூடி வைத்துவிடுவேன். இப்போது அந்தக் கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. எங்கே தவறினோம் என்று நிதானமாகப் பார்க்க முடிகிறது.

அம்மாவுக்கு இளம் வயதில் காசநோய் வந்து குணமானது. குணமான இடத்தில், வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு குழி மிச்சமிருந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்தக் குழிக்குள் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை குடியேறிவிட்டது. எல்லோரும் தினமும் மூச்சோடு உள்ளே இழுக்கிற பூஞ்சைதான் அது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. காலி இடம் கிடைத்தால் மட்டும் தங்கிவிடும். மெலிவு, விடாத இருமல், சளியில் ரத்தக் கோடுகள். முதலில் இட்ராகோனசோல் கேப்சூல் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் முன்னேற்றம் இல்லை. ‘இந்த மருந்து கேட்கவில்லை’ என்று வோரிகோனசோலுக்கு மாற்றினார்கள். காலை 8 மணிக்கு 200 மில்லிகிராம், இரவு 8 மணிக்கு 200. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அல்லது ஒரு மணி நேரம் கழித்து. வயிற்றில் சாப்பாடு இருந்தால் இந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. நான் போனில் இரண்டு அலாரம் வைத்தேன். 8 மணி என்றால் 8 மணி. அம்மா ஒரு வேளை கூடத் தவறவிட்டதில்லை என்பதில் எனக்குப் பெருமை இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். என்னம்மா என்று கேட்டேன். “சுவத்துல வெளிச்சம் ஓடுது. தண்ணி மேல வெயில் பட்டா நெளியுமே, அந்த மாதிரி” என்றார். குரலில் பயம் இல்லை, குழப்பம்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டாக்டரிடம் சொன்னோம். மருந்து அதிகமாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு ரத்தத்தில் அளவு பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு பரிசோதனை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

லேபுக்கு போன் செய்து எப்போது வரலாம் என்று கேட்டேன். “இதுக்கு ஃபாஸ்டிங் தேவையில்ல, எப்ப வேணாலும் வாங்க” என்றார்கள். வழக்கம்போல 8 மணிக்கு மாத்திரையைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடவைத்து அழைத்துப் போனேன். 10 மணி 10 நிமிடத்துக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊசி போடும்போது கேட்ட கேள்வி, “வெறும் வயிறா, சாப்டீங்களா?” அவ்வளவுதான். சாம்பிள் வேறோர் ஊர் லேபுக்குப் போய் ஐந்தாம் நாள் முடிவு வந்தது: 6.9. டோஸ் பாதியாகக் குறைக்கப்பட்டது, 100 காலையில், 100 இரவில். இரண்டே நாளில் சுவர் வெளிச்சம் நின்றது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. சந்தேகப்பட்டோம், பரிசோதனை உறுதி செய்தது, சரி செய்தோம், குணமும் தெரிந்தது. எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தியது. அதனால்தான் யாருக்கும் மறுபடி யோசிக்கத் தோன்றவில்லை என்று இப்போது நினைக்கிறேன். எதிர்பார்த்ததற்கு மாறான எண் வந்திருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்போம். எதிர்பார்த்த எண்ணே வந்ததால் உள்ளே விட்டுவிட்டோம்.

டோஸைக் குறைத்த ஏழாவது வாரம் துண்டில் மறுபடி ரத்தம் இருந்தது. முதல் நாள் அம்மா அதை மறைத்துவிட்டார். துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன்.

பேனாவைக் கீழே வைத்த டாக்டர்

அன்று எங்கள் டாக்டர் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக ஓர் இளம் டாக்டர். ஃபைலை முதலிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தவர் அந்த 6.9 தாளில் நின்றார். எண்ணைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே பொடி எழுத்தில் அச்சாகியிருந்த ‘சாம்பிள் எடுத்த நேரம்: 10.10’ என்ற வரியைப் பார்த்தார். “அன்னைக்குக் காலை மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?” என்று கேட்டார். 8 மணிக்கு என்று நான்தான் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. ஒரு நாளும் நேரம் தவறியதில்லை என்று சேர்த்தும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்து, அலை மாதிரி ஏறி இறங்கும் கோடு ஒன்றை வரைந்தார். ஏற்றத்தின் உச்சியில் ஒரு புள்ளி. “நீங்க ரத்தம் கொடுத்தது இங்க.” அடுத்த ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன், பள்ளத்தில் இன்னொரு புள்ளி. “நாங்க பார்க்க வேண்டியது இங்க.”

விஷயம் அவ்வளவுதான். வாய்வழியே எடுத்த வோரிகோனசோல் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும். டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லைக்கோடுகள் எல்லாம் அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் இருக்கும் அளவுக்கானவை. மருத்துவமனையில் ட்ரஃப் என்று சொல்வார்கள், பள்ளம். அது 1க்குக் கீழே போகக் கூடாது, 5.5 பக்கம் தாண்டக் கூடாது. மேல் எல்லையை 5 என்றோ 6 என்றோ வைத்திருக்கும் இடங்களும் உண்டு. எங்கள் ரிப்போர்ட் அலையின் உச்சியை எடுத்து, பள்ளத்துக்கு வைத்திருந்த அளவுகோலில் வைத்து ‘அதிகம்’ என்று சொல்லியிருந்தது. மறுநாள் காலை மாத்திரை கொடுக்காமல் அழைத்துப் போனேன். 7 மணி 50 நிமிடத்துக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு 0.3. பூஞ்சையைப் பொறுத்தவரை அந்த ஏழு வாரமும் அம்மா அநேகமாக மருந்தே எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். டோஸை மறுபடி 200 ஆக்கினார்கள். ஒரு வாரம் கழித்து, சரியான நேரத்தில் எடுத்த அளவு 2.4. அதாவது முதலிலிருந்தே அம்மாவின் டோஸ் சரியாகத்தான் இருந்தது.

பாதியாகக் குறைத்தால் அளவும் பாதிதானே ஆகும், 0.3க்கு எப்படிப் போனது என்று அன்று கேட்டேன். பெரியவர்கள் உடம்பில் இந்த மருந்து அப்படி நேர்கணக்கில் நடப்பதில்லை. வோரிகோனசோலை உடைத்து வெளியேற்றுகிற கல்லீரல் நொதிகளுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கினால் அவை திணறும், உடைபடாத மருந்து ரத்தத்தில் தேங்கும். 200ஐ 300 ஆக்கினால் உடம்பு சந்திக்கும் மொத்த மருந்து ஒன்றரை மடங்கு ஆவதில்லை, சுமார் இரண்டரை மடங்கு ஆகிறது. இறக்கும்போதும் அதே கதைதான். டோஸைக் கொஞ்சம் குறைத்தாலே நொதிகள் மூச்சு வாங்கி மருந்தை வேகமாகக் காலி செய்துவிடும். அதனால்தான் இந்த மருந்தில் ஊகத்துக்கு டோஸை மாற்றுவது ஆபத்து. மாற்றிய பிறகு ஒரு வாரத்துக்குள் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். எங்களுக்கு முதல்முறை மாற்றியபோது அது நடக்கவில்லை. வெளிச்சம் நின்றுவிட்டதே என்று நாங்களும் கேட்கவில்லை. எனக்கு இன்று வரை ஆறாதது அந்த இரண்டாவது பரிசோதனைதான். முதல் தவறு யாருக்கும் நேரலாம். இரண்டாவது முறை அளந்திருந்தால் அது ஒரே வாரத்தில் பிடிபட்டிருக்கும்.

சுவர் வெளிச்சம் 200க்கு மாறியதும் திரும்பி வந்தது. அப்போது டாக்டர் அம்மாவிடமே கேட்டார், மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் தெரிகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று. அரை மணியில் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது என்றார் அம்மா. வோரிகோனசோல் எடுப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஏதாவது தெரியும். வெளிச்சம் நெளிவது, நிறம் மாறித் தெரிவது, மங்கல். பெரும்பாலும் தானாகப் போய்விடும், கண்ணுக்குக் கேடில்லை, அந்த நேரத்தில் வண்டி ஓட்டாமல் இருந்தால் போதும். இல்லாத ஆட்கள் தெரிவது, பேச்சு குழறுவது, மனம் குழம்புவது வேறு. அவை அளவு எகிறியதன் அடையாளமாக இருக்கக்கூடும், உடனே சொல்ல வேண்டும். இந்த வித்தியாசத்தை முதல் நாளே யாராவது இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அம்மா இப்போது காலை மாத்திரை போட்டதும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். “வெளிச்சம் வந்துட்டுப் போகட்டும்” என்கிறார்.

ஒரே மாத்திரை, வேறு வேறு உடம்பு

அந்த நாளுக்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்து ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. வோரிகோனசோல் எடுத்த 52 பேரைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பள்ளத்து அளவு 1ஐத் தாண்டாத 13 பேரில் 6 பேருக்கு மருந்து வேலை செய்யவில்லை. 5.5ஐத் தாண்டிய 16 பேரில் 5 பேருக்கு மூளை பாதிக்கப்பட்டு மனக்குழப்பம் வந்தது. தாண்டாதவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள வரப்பு மேல் நடக்கிற மாதிரிதான் இது.

அந்த வரப்பு எங்கே இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. வோரிகோனசோலை உடைக்கும் வேலையில் பெரும்பங்கு சிஒய்பி2சி19 என்ற நொதிக்கு. அதன் மரபணு சிலருக்கு வேலை செய்யாத வடிவில் இருக்கும். ஐரோப்பிய வம்சாவளியினரில் 3 முதல் 5 சதவீதம் பேருக்கு இப்படி, ஆசிய மக்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு. இவர்கள் உடம்பில் அதே டோஸ் சராசரியாக நான்கு மடங்கு தேங்கும். இதற்கு நேர்மாறாக, நொதி மிக வேகமாக ஓடுகிறவர்களுக்கு வழக்கமான டோஸ் ரத்தத்தில் போதிய அளவு நிற்காது. குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக இந்த மருந்தைக் கழிப்பதால் அவர்களுக்கு எடைக்கு எடை கூடுதல் டோஸ் தேவைப்படுகிறது. மரபணுவாவது பிறந்ததிலிருந்து மாறாத விஷயம். மற்றவை வாரத்துக்கு வாரம் மாறும். உடம்பில் அழற்சி அதிகமாக இருக்கும்போது கல்லீரல் மருந்தை உடைப்பதைக் குறைத்துக்கொள்கிறது, அளவு ஏறுகிறது. காய்ச்சல் தணிந்து உடம்பு தேறும்போது அதே டோஸில் அளவு இறங்குகிறது. நோயாளி தேறிவிட்டார் என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும் நேரத்தில்தான் மருந்து சத்தமில்லாமல் குறைந்துகொண்டிருக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின் போன்ற மருந்துகள் கூடச் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். ரிஃபாம்பிசினோடு வோரிகோனசோல் கொடுக்கவே கூடாது, அந்த அளவுக்கு அது ரத்தத்திலிருந்து காணாமல் போய்விடும்.

தென்கொரியாவில் 110 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2012இல் வந்தது. ஒரு பாதிக்கு ரத்த அளவு பார்த்து டோஸ் மாற்றினார்கள், மறு பாதிக்கு வழக்கமான டோஸ். அளவு பார்த்தவர்களில் 81 சதவீதம் பேருக்குச் சிகிச்சை பலித்தது, மற்றவர்களில் 57 சதவீதம். இதில் எனக்கு மறக்காதது வேறொரு கணக்கு. பக்கவிளைவு வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான், 42 சதவீதம். ஆனால் பக்கவிளைவு தாங்காமல் மருந்தையே நிறுத்தியவர்கள் அளவு பார்த்த பக்கம் 4 சதவீதம், பார்க்காத பக்கம் 17 சதவீதம். அம்மாவின் சுவரில் வெளிச்சம் ஓடியதைப் பரிசோதனையால் நிறுத்த முடியாது. ஆனால் ‘அளவு சரியாகத்தான் இருக்கிறது, பயப்படாமல் தொடருங்கள்’ என்று சொல்ல முடியும். எங்களுக்கு முதல்முறையே கிடைத்திருக்க வேண்டிய வார்த்தை அது.

‘எப்ப வேணாலும் வாங்க’

லேபில் சொன்ன இந்த வார்த்தை எனக்குள் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. அலட்சியம் என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் அதில் ஒரு நியாயம் இருப்பது தெரிந்தது. இட்ராகோனசோல் உடம்பில் நீண்ட நேரம் தங்கும் மருந்து. இரண்டு வாரம் தொடர்ந்து எடுத்துவிட்டால் அலை தட்டையாகிவிடும். எந்த நேரத்தில் ரத்தம் எடுத்தாலும் எண் பெரிதாக மாறாது. போசகோனசோலும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த மருந்துகளுக்கு ‘எப்ப வேணாலும்’ என்பது சரியான பதில். வோரிகோனசோலுக்கு அதே பதில் தவறு. ஃப்ளூசைட்டோசினுக்கு இன்னும் வேறு. மூளையுறையில் வரும் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்து அது. ரத்தத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் என்பதால் அதற்கு உச்சியையே வேண்டுமென்று, மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். ஃப்ளூகோனசோலுக்குப் பொதுவாக அளவே பார்ப்பதில்லை, அது நேர்கணக்கில் நடக்கும் மருந்து. எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்றுதான், பூஞ்சை மருந்து. லேப் கவுன்ட்டரில் போனை எடுக்கிறவருக்கு இத்தனை வித்தியாசமும் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் மருந்தின் பெயரை வைத்து எப்போது ரத்தம் எடுக்க வேண்டும் என்று பரிசோதனைச் சீட்டிலேயே ஒரு வரி அச்சடித்து வைக்கலாம். ‘கடைசி டோஸ் எத்தனை மணிக்கு’ என்று ஒரு கட்டம் போடலாம். ஒரு அங்குல இடம் போதும். அந்தக் கட்டம் இல்லாமல் மருந்தளவு பரிசோதனைச் சீட்டு எதையும் அச்சடிக்கவே கூடாது என்பது என் கருத்து, இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

அந்த முதல் மூன்று மாத இட்ராகோனசோலும் அடிக்கடி நினைவுக்கு வரும். அந்தக் கேப்சூல் கரைந்து உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அம்மா அப்போது நெஞ்செரிச்சலுக்காகத் தினமும் காலையில் ஒமெப்ரசோல் எடுத்துக்கொண்டிருந்தார். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை ஒன்று, அமிலம் இருந்தால்தான் சேரும் மாத்திரை ஒன்று, இரண்டும் ஒரே மருந்துப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தன. நான்தான் வாரா வாரம் அடுக்கி வைத்தேன். (இதே ஒமெப்ரசோல் வோரிகோனசோலின் அளவை ஏற்றிவிடும். ஒன்றை இறக்கும், இன்னொன்றை ஏற்றும்.) ‘இந்த மருந்து கேட்கவில்லை’ என்று ஃபைலில் எழுதியிருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் ஒரு முறை கூட ரத்தத்தில் அளவு பார்க்கவில்லை. மருந்து தோற்றதா, ரத்தத்துக்கு வந்து சேரவே இல்லையா என்று சொல்ல ஒரு எண் கூட இல்லை. இட்ராகோனசோலைக் கைவிடுவதற்கு முன்னால் ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாம். பூஞ்சைக்கு எதிராக வாயால் சாப்பிடக்கூடிய மருந்து வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அளக்காமல் அதில் ஒன்றைத் தள்ளி வைப்பது பெரிய இழப்பு.

இப்போது எங்கள் வழக்கம் மாறிவிட்டது. பரிசோதனை நாளில் அலாரம் அடிக்கும், அம்மா மாத்திரையைப் போட்டுக்கொள்ளாமல் ஒரு சின்ன டப்பாவில் வைத்துக் கைப்பையில் எடுத்துக்கொள்வார். லேப் திறக்கும்போதே வாசலில் நிற்போம். ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே டப்பாவைத் திறந்து, தண்ணீர் கேட்டு, அங்கேயே மாத்திரையை விழுங்குவார். ஜெல் இருக்கும் குழாயில் எடுக்க வேண்டாம், அந்த ஜெல் சில மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும் என்று சீட்டில் எழுதி வாங்கியிருக்கிறோம், அதையும் காட்டுவேன். சீட்டில் கடைசி டோஸுக்குக் கட்டம் இன்னும் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதுகிறேன். முதலிரண்டு முறை அந்தத் தாளை அப்படியே மற்ற தாள்களின் கட்டுக்குள் செருகிவிட்டார்கள். மூன்றாவது முறை, ரத்தம் எடுக்கும் பையனிடம் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். ஏழு வாரம் என்றதும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

போன வாரம் ரிப்போர்ட் வந்தது. 2.2. எண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு வரி அச்சாகியிருந்தது: ‘கடைசி டோஸ்: முந்தைய இரவு 8.00. சாம்பிள்: காலை 7.45.’ அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். எண்ணில் நிற்கவில்லை. அந்த வரியை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, “நேரம் போட்டிருக்கான்டா” என்றார்.